சுசுகா டிராக்கை எல்லா டிரைவர்களும் ஏன் இப்படித் தலையில் தூக்கி வைத்துக் கொண்டாடுகிறார்கள்?

கியர்மாத்தி:

ஞாயிறு காலை பத்தரைக்கு உட்கார்ந்து, சுசுகா டிராக்கில் நடந்த 2025 ஜப்பான் ஃபார்முலா ஒன் கார் ரேஸ் முழுசாகப் பார்த்தேன். உண்மையைச் சொன்னால் பாதியில் கண் சொருகிவிட்டது. முதல் ஆளாகக் கிளம்பிய வெர்ஸ்டாப்பன் முதல் ஆளாகவே முடித்தார். பின்னால் நாரிஸ், பியாஸ்ட்ரி, லெக்லெர்க், ரஸ்ஸல், அன்டோனெல்லி. கிளம்பும்போதும் இதே வரிசை, கொடி விழும்போதும் இதே வரிசை. 53 லாப்பில் (சுற்றில்) எனக்கு நினைவில் நிற்பது, டயர் மாற்றும் பிட்டிலிருந்து வெளியே வரும்போது நாரிஸ் புல்லில் ஏறினாரே, அது ஒன்றுதான்.

ஆனால் ரேஸுக்கு முன்னால் வந்த பேட்டிகளில் பார்த்தால் ஆளாளுக்கு சுசுகாதான் பிடித்த டிராக் என்கிறார்கள். மொனாக்கோ என்றால் சரி, கடல், படகு, பணம் என்று ஏதோ இருக்கிறது. இங்கே எட்டு போட்ட மாதிரி ஒரு வடிவம், ஓரமாக ஒரு ராட்சத ராட்டினம், அதைத் தவிர என்ன? நான் ஃபார்முலா ஒன் பார்க்க ஆரம்பித்துக் கொஞ்ச காலம்தான் ஆகிறது. பழைய கதை தெரிந்தவர்கள் கொஞ்சம் பொறுமையாகச் சொல்லுங்கள்.

சிம்ரிக்_சாமி:

ஞாயிற்றுக்கிழமையை விடுங்கள், சனிக்கிழமை பார்த்தீர்களா? குவாலிஃபையிங் (யார் எந்த இடத்தில் கிளம்புவது என்று முடிவு செய்கிற ஓட்டம்) கடைசி நிமிஷத்தில் வெர்ஸ்டாப்பன் போட்ட 1:26.983. நாரிஸை விட 0.012 விநாடி குறைவு, அவ்வளவுதான். அந்த லாப்பை காருக்குள் இருக்கும் கேமராவில் பாருங்கள், சத்தத்தோடு. உங்கள் கேள்விக்குப் பாதி பதில் அதிலேயே இருக்கிறது.

நான் வீட்டில் சிமுலேட்டரில்தான் ஓட்டுகிறேன், ஆனால் மற்ற டிராக்குகளுக்கும் இதற்கும் உள்ள வித்தியாசம் அதிலேயே தெரிந்துவிடும். பொதுவாக இப்போது கட்டுகிற டிராக்குகளில் நேர்கோடு, பிரேக், திரும்பு, மறுபடி நேர்கோடு. ஒரு கார்னரில் சொதப்பினால் அந்த கார்னரோடு போச்சு, அடுத்ததில் புதுசாக ஆரம்பிக்கலாம். சுசுகாவில் அது நடக்காது. ஸ்டார்ட் கோடே இறக்கத்தில் இருக்கிறது. அந்த வேகத்தோடு முதல் கார்னருக்குள் வலது பக்கம் திரும்பிக்கொண்டே பிரேக் பிடிக்க வேண்டும், ஏனென்றால் இரண்டாவது அதே பக்கம் இன்னும் இறுக்கமாக மடங்கும். அதை முடித்த கையோடு எஸ் வளைவுகள், இடது, வலது, இடது, வலது, அப்புறம் டன்லப் என்கிற நீளமான இடது ஏற்றம். இவ்வளவும் மேட்டில் ஏறிக்கொண்டே.

இதில் மூன்றாவது கார்னரில் அரை அடி வெளியே போனால் நாலாவதுக்கு கார் தப்பான இடத்தில் நிற்கும். அதைச் சரிக்கட்டப் போனால் ஐந்தாவதில் வேகம் போகும், ஆறாவதில் இன்னும் கொஞ்சம். பல்லவியில் தாளம் விட்டவன் சரணம் முழுக்கத் துரத்துவானே, அந்தக் கதைதான். ஸ்டீரிங் நேராக நிற்க நேரமே கிடையாது. டயர் நன்றாகச் சூடாகி கார் நினைத்தபடி திரும்பும்போது கிடைக்கிற சந்தோஷம் இருக்கிறதே, அதற்காகத்தான் அவர்கள் இந்த டிராக்கைச் சொல்கிறார்கள். நம்மை மாதிரி வெளியே இருந்து பார்ப்பவருக்கு அது தெரியாது, அவ்வளவுதான்.

அப்புறம் அந்த எட்டு வடிவம். படத்துக்காகப் போட்டது மாதிரித் தெரியும், ஆனால் அதற்கு வேலை இருக்கிறது. வழக்கமான டிராக் கடிகாரச் சுற்றில் போனால் இடது பக்க டயர்தான் அடி வாங்கும். இங்கே பாதி வழியில் பாலத்துக்கு அடியில் போய், பிறகு அதே பாலத்தின் மேல் வருவதால் சுற்றும் திசையே மாறிவிடுகிறது. மொத்தம் 18 கார்னர், அதில் 10 வலது, 8 இடது. காரை ஒரு பக்கத்துக்கு மட்டும் செட் செய்து ஏமாற்ற முடியாது. டயர் கொடுக்கிற பிரெல்லி கம்பெனி கையில் இருக்கிற டயர்களில் கடினமான மூன்றைத்தான் இங்கே கொண்டு வருகிறார்கள், காரணம் இதுதான்.

பழைய_டயர்:

சாமி ஓட்டுவதைப் பற்றிச் சொல்லிவிட்டார், நான் அது எப்படி வந்தது என்று சொல்கிறேன்.

இது ரேஸ் நடத்துவதற்காக மட்டும் கட்டிய இடம் இல்லை, ஹோண்டாவின் சோதனைக் களம். 1960ல் சுசுகா ஊரில் ஹோண்டா ஒரு தொழிற்சாலை திறந்தது, சூப்பர் கப் மொபெட் தயாரிக்க. அப்போது ஜப்பானில் நல்ல தார் ரோடே குறைவு, வேகமாக ஓட்டிப் பார்க்க இடம் கிடையாது. ஹோண்டா கார் விற்கவே ஆரம்பிக்காத காலம் அது, முதல் நாலு சக்கர வண்டி 1963ல்தான் வந்தது. அதற்கு முன்னாலேயே, 1962ல், டிராக் திறந்தாகிவிட்டது! இப்படி ஒரு துணிச்சல் சோய்சிரோ ஹோண்டாவுக்குத்தான் வரும்.

முதலில் பார்த்தது சமதளமான வயல் பகுதியை. நெல் விளைகிற நிலத்தில் கை வைக்காதே என்று ஹோண்டா சொல்லிவிட்டதாகச் சொல்வார்கள். அதனால் பக்கத்தில் இருந்த குன்றுப் பகுதிக்குப் போனார்கள். சாமி சொன்ன ஏற்றம், இறக்கம், நேராகவே போகாத ரோடு எல்லாம் அந்த முடிவில் வந்ததுதான். வயலில் கட்டியிருந்தால் இன்னொரு தட்டையான மைதானம் கிடைத்திருக்கும், இன்றைக்கு இந்தக் கேள்வியே வந்திருக்காது.

வரைந்தவர் ஜான் ஹுகன்ஹோல்ட்ஸ் என்கிற டச்சுக்காரர். ஹாலந்தின் ஸான்ட்வூர்ட் டிராக்கை நிர்வகித்தவர். மணல்மேடுகளுக்கு நடுவில் நிலம் போன போக்கிலேயே போகும் டிராக் அது, பார்த்தால் இரண்டுக்கும் சொந்தம் தெரியும்.

டெக்னர் கார்னர் கதையையும் சொல்லிவிடுகிறேன், எனக்குப் பிடித்தது. எர்ன்ஸ்ட் டெக்னர் கிழக்கு ஜெர்மனிக்காரர், எம்இசட் கம்பெனிக்கு 125சிசி பைக் ஓட்டியவர். அவர்களிடம் வால்டர் காடன் என்கிற எஞ்சினியர் இருந்தார். டூ ஸ்ட்ரோக் எஞ்சினில் எக்ஸாஸ்ட் குழாயை வைத்தே பவரை எடுக்கிற வித்தையில் அந்தக் காலத்தில் அவரை மிஞ்ச ஆளில்லை. 1961ல் உலகப் பட்டம் கைக்கு எட்டும் தூரத்தில் இருக்கும்போது ஸ்வீடன் ரேஸில் எஞ்சின் போனது, டெக்னர் அப்படியே மேற்குப் பக்கம் தப்பித்துப் போய்விட்டார். போனது சுசுகி கம்பெனிக்கு, அந்த எஞ்சின் ரகசியங்களும் அவரோடு போயின. அடுத்த வருஷமே சுசுகிக்கு 50சிசி உலகப் பட்டம். அந்த நவம்பரில் சுசுகா டிராக்கின் திறப்பு ரேஸ், அதில் அவர் விழுந்த இடம்தான் டெக்னர். போட்டிக் கம்பெனிக்கு ஓட்டியவர் பெயர் ஹோண்டாவின் டிராக்கில் இன்றைக்கும் இருக்கிறது. பாவம், 1963ல் இதே டிராக்கில் மறுபடி விழுந்து கடுமையான தீக்காயம் வேறு.

முதலில் அது ஒரே வேகமான வளைவு. பிற்பாடுதான் இரண்டாக உடைத்தார்கள். இரண்டாவது டெக்னரில் கொஞ்சம் அகலமாகப் போனால் ஜல்லிதான், அதைத் தாண்டினால் பாலத்துக்கு அடியில் நுழைவீர்கள்.

பிட்லேன்_பாண்டி:

எல்லாரும் பக்தியில் பேசுகிறீர்கள், ஒருத்தர் மாற்றிப் பேச வேண்டாமா.

கியர்மாத்தி சொன்னதில் தப்பில்லை, இப்போதைய காருக்கு சுசுகா மொக்கை ரேஸ்தான் தருகிறது. 2025 கார் டிரைவரோடு சேர்த்து குறைந்தபட்சம் 800 கிலோ, அகலம் இரண்டு மீட்டர். டிராக் சில இடங்களில் 10 மீட்டர்தான் அகலம். எஸ் வளைவுகளில் முன்னால் போகிறவன் கிளப்புகிற காற்றில் பின்னால் வருகிற காருக்குப் பிடிமானம் போய்விடும். ஓவர்டேக் என்றால் மெயின் நேர்கோட்டின் முடிவில் முதல் கார்னர், இல்லாவிட்டால் வேகத்தைக் குறைக்க வைக்கிற மடக்கு வளைவான கடைசி சிக்கேன். போன ஞாயிறு முன்வரிசை ஆட்கள் எல்லாம் ஒரு பிட் ஸ்டாப்போடு முடித்துவிட்டார்கள், புது தார் போட்ட பகுதியில் டயர் தேயவும் இல்லை. அப்புறம் எங்கே இருந்து சண்டை வரும்?

சுசுகாவின் பெயரில் பாதி, காலண்டர் கொடுத்தது. 1987ல் ஃபார்முலா ஒன் இங்கே வந்ததிலிருந்து ரொம்ப வருஷம் இது சீசனின் கடைசி ரேஸ், இல்லாவிட்டால் கடைசிக்கு முந்தையது. உலகப் பட்டம் இங்கேதான் முடிவாகும். முதல் வருஷமே மான்செல் பயிற்சியில் எஸ் வளைவில் மோதி முதுகில் அடிபட்டு வீட்டுக்குப் போனார், பட்டத்துக்கு அவரோடு மோதிய பிக்கே ரேஸ் தொடங்கும் முன்பே சாம்பியன். சென்னாவின் மூன்று பட்டமும் இங்கேதான் உறுதியாயின, 1988, 1990, 1991.

1989 தெரியும்தானே? சென்னாவும் ப்ராஸ்ட்டும் ஒரே டீம், ஒருத்தரோடு ஒருத்தர் பேச்சு கிடையாது. சிக்கேனில் சென்னா உள்ளே நுழைய, ப்ராஸ்ட் கதவைச் சாத்த, இரண்டு காரும் பின்னிக்கொண்டு நின்றுவிட்டன. ப்ராஸ்ட் இறங்கி நடந்தார். சென்னா மார்ஷல்களை (டிராக் ஓர ஊழியர்களை) தள்ளச் சொல்லி, பக்கத்து வழியாக வெளியே வந்து, ஓட்டி ஜெயித்தும்விட்டார். ஆனால் சிக்கேனைச் சுற்றவில்லை என்று நீக்கிவிட்டார்கள். வெற்றி நன்னினிக்கு, பட்டம் ப்ராஸ்ட்டுக்கு. அடுத்த வருஷம் ப்ராஸ்ட் ஃபெராரியில். போல் (முதல் ஆளாகக் கிளம்பும் இடம்) எடுத்த சென்னாவுக்கு தூசு இருக்கிற பக்கத்தில்தான் இடம் கொடுத்தார்கள், கேட்டும் மாற்றவில்லை. ஸ்டார்ட்டில் ப்ராஸ்ட் முந்தினார், முதல் கார்னரில் சென்னா காலை எடுக்கவே இல்லை. இரண்டு பேரும் ஜல்லியில், புள்ளிகளில் முன்னால் இருந்ததால் பட்டம் சென்னாவுக்கு. வேண்டுமென்றே செய்தேன் என்று ஒரு வருஷம் கழித்து அவரே சொல்லிவிட்டார்.

இதெல்லாம் ஒரு டிராக்கின் பெருமையா? அந்த இரண்டு பேரும் எங்கே இருந்திருந்தாலும் அடித்துக்கொண்டிருப்பார்கள்.

பழைய_டயர்:

பாண்டி, காலண்டர் விஷயம் ஒத்துக்கொள்கிறேன், ஆனால் நீங்கள் வசதியாக 1988ஐ வெறும் எண்ணாகச் சொல்லித் தாண்டிவிட்டீர்கள். போலில் இருந்த சென்னாவின் எஞ்சின் ஸ்டார்ட்டில் அணைந்துவிட்டது. வேறு எந்த ஊராக இருந்தாலும் கையைத் தூக்கிவிட்டு இறங்க வேண்டியதுதான். இங்கே கார்கள் கிளம்புகிற கிரிட் இறக்கத்தில் இருப்பதால் கார் தானாக உருண்டது, கிளட்சை விட்டு எஞ்சினை எழுப்பினார். நம்ம ஊரில் பேட்டரி போன ஸ்கூட்டரை ஸ்டார்ட் செய்கிற டெக்னிக்தான். பதினாலாவது இடத்துக்குப் போய்விட்டவர், தூறலில் ஒவ்வொருத்தராகத் தாண்டி ப்ராஸ்ட்டையும் தாண்டி ஜெயித்தார். ஹோண்டா நெல் வயலைத் தேர்ந்தெடுத்திருந்தால் அந்தப் பட்டம் அன்றைக்குக் கிடைத்திருக்காது. இது டிராக் செய்த வேலை இல்லையா?

2005ம் பட்டம் முடிந்த பிறகு நடந்த ரேஸ். குவாலிஃபையிங்கில் மழை வந்து வரிசை கலைந்தது, ராய்க்கோனன் பதினேழாவது, அலோன்சோ பதினாறு. அலோன்சோ 130ஆரில் ஷூமாக்கரை வெளிப்பக்கமாகத் தாண்டினார். 130ஆரில், வெளிப்பக்கமாக, ஷூமாக்கரை. ராய்க்கோனன் கடைசி லாப் தொடக்கத்தில் முதல் கார்னரில் ஃபிசிகெல்லாவை வெளிப்பக்கமாகச் சுற்றிக்கொண்டு போய் ஜெயித்தார். பட்டத்துக்கான பதற்றம் எதுவும் இல்லாமலே இதெல்லாம் நடந்தது.

சொல்ல மறந்தேன், அந்த ரேஸில் நம்ம கோயம்புத்தூர் நரேன் கார்த்திகேயனும் ஜோர்டான் டீமில் ஓட்டினார், 15ஆவது. பிறகு சூப்பர் ஃபார்முலாவில் வருஷக்கணக்காக ஜப்பானிலேயே ஓட்டியவர், இந்த டிராக்கைப் பற்றி நம்மிடம் பேசத் தகுதியான ஆள் அவர்தான்.

கியர்மாத்தி:

அந்த 130ஆர் என்றால் என்ன? கமெண்டரியில் பெயரைக் கேட்டாலே குரலை உயர்த்துகிறார்கள், ஆனால் டிவியில் பார்த்தால் எல்லாரும் சும்மா நேராகப் போகிற மாதிரிதான் இருக்கிறது.

சிம்ரிக்_சாமி:

ஆரம் 130 மீட்டர், அதனால் அந்தப் பெயர். பின்பக்க நேர்கோடு முடிகிற இடத்தில் வரும் இடது வளைவு. இப்போது 300க்கு மேல் காலை எடுக்காமலே போகிறார்கள், அதனால்தான் உங்களுக்கு நேர்கோடு மாதிரித் தெரிகிறது. முன்பு அப்படி இல்லை. 2002 குவாலிஃபையிங்கில் ஆலன் மெக்னிஷின் டொயோட்டா அங்கே பின்பக்கமாகப் போய் தடுப்பைப் பிய்த்துக்கொண்டு அந்தப் பக்கம் விழுந்தது. ஆள் நடந்து வந்தார், ஆனால் அடுத்த நாள் ஓட்டவில்லை. 2003க்குள் வளைவை மாற்றி ஓரத்தில் இடமும் அதிகமாக விட்டார்கள். இப்போது ஒரே ஆரமே கிடையாது, பெயர் மட்டும் மிச்சம்.

அந்த 2003லேயே பைக்குகளின் உலகப் போட்டியான மோட்டோஜிபியில் டைஜிரோ கட்டோ, ஜப்பானின் பெரிய நம்பிக்கை, அந்தப் பகுதியில் மோதி, சில நாள் கழித்து இறந்துபோனார். அதற்குப் பிறகு மோட்டோஜிபி சுசுகாவுக்குத் திரும்பவே இல்லை.

இந்த டிராக் மன்னிக்காது, அதையும் சேர்த்துத்தான் சொல்ல வேண்டும். 2014ல் மழையில் டன்லப் வளைவில் ஒரு காரைத் தூக்கிக்கொண்டிருந்த கிரேன் வண்டி மேல் ஜூல்ஸ் பியாங்கி மோதினார். அடுத்த வருஷம் ஜூலையில் இறந்தார். விபத்து நேரத்தில் எல்லாக் காரும் வேகத்தைக் குறைக்க வேண்டும் என்கிற விர்ச்சுவல் சேஃப்டி கார் விதி வந்ததே அதனால்தான். இவ்வளவுக்குப் பிறகும் 2022ல் அதே மாதிரி மழையில் டிராக்கில் நின்ற மீட்பு வண்டியைக் கடந்து போன டிரைவர் காஸ்லி ரேடியோவில் கத்தினார், கத்தியதில் நியாயம் இருந்தது.

இந்த வருஷம் பார்த்திருப்பீர்கள், வெள்ளிக்கிழமை டூஹன் முதல் கார்னரில் போய் அடித்தார். பின்பக்க இறக்கையில் நேர்கோட்டில் வேகம் கூட்டத் திறக்கிற மடிப்பு, அதாவது டிஆர்எஸ், மூடவில்லை. வேறு டிராக்குகளில் நேர்கோடு முடிவில் பிரேக் மிதித்தாலே அது மூடிவிடும். இங்கே முதல் கார்னருக்குப் பிரேக் இல்லாமலே திரும்ப ஆரம்பிப்பதால் டிரைவர்தான் பட்டனை அழுத்தி மூட வேண்டும்.

நகோயாவாசி:

வேலைக்காக நகோயாவில் இருக்கிறேன், இங்கிருந்து கின்டெட்சு ரயிலில் ஷிரோகோ இறங்கி பஸ் பிடித்தால் டிராக். டிவியில் தெரியாத இரண்டு விஷயம் சொல்கிறேன்.

முதலாவது மேடு. எஸ் வளைவு ஸ்டாண்டில் உட்கார்ந்தால் கார்கள் கீழே இருந்து நம்மை நோக்கி ஏறி வருவது தெரியும். டிவி கேமரா அதைத் தட்டையாக்கிவிடுகிறது. ஒவ்வொரு திருப்பத்திலும் கார் ஒரு பக்கத்திலிருந்து மறுபக்கம் வெட்டும்போது தரையில் உரசி பொறி பறக்கிறது, ஆக்ஸிலரேட்டரை ஒவ்வொருத்தரும் எப்படி விட்டு விட்டு மிதிக்கிறார்கள் என்பது சத்தத்திலேயே பிரித்துக் கேட்கலாம். ஒரே கார்னரில் வெர்ஸ்டாப்பன் சத்தமும் பின்வரிசை ஆள் சத்தமும் வேறு வேறு. இதைக் கேட்க ஓவர்டேக் எதற்கு?

இரண்டாவது ஜனங்கள். வீட்டிலேயே செய்த தொப்பி, அதன் மேல் பின் இறக்கை, அது டிஆர்எஸ் மாதிரித் திறந்து மூடும், பாட்டிகள் கூட அதைப் போட்டுக்கொண்டு வருகிறார்கள். வியாழக்கிழமை கார் எதுவும் ஓடாது, ஆனாலும் மெயின் ஸ்டாண்டில் உட்கார்ந்து மெக்கானிக்குகள் டயர் மாற்றிப் பழகுவதற்குக் கைதட்டுகிறார்கள். ஜப்பான்காரர் ட்சுனோடாவுக்கு ரெட் புல் டீமில் முதல் ரேஸ் என்பதால் இந்தத் தடவை கூட்டம் இன்னும் அதிகம், பன்னிரண்டாவதாக முடித்தவருக்கு ஜெயித்தவருக்கு மாதிரி வரவேற்பு.

முன்பு அக்டோபர் வாக்கில்தான் ரேஸ், டைஃபூன் சீசன். 2004, 2010, 2019 மூன்று தடவையும் சனிக்கிழமை நடக்க வேண்டிய குவாலிஃபையிங்கை ஞாயிறு காலை வைத்தார்கள். 2024லிருந்து வசந்த காலத்துக்கு மாற்றிவிட்டார்கள். மழைக்குப் பதில் செர்ரிப் பூ, ஆனால் புல் காய்ந்துகிடக்கும், இந்த வருஷம் கார் பொறி பட்டு ஓரப் புல் தீப்பிடித்துப் பயிற்சியை நிறுத்தியதைப் பார்த்தீர்கள்.

இன்னொன்று, உள்ளூர்க்காரர்களைக் கேட்டால் பைக்குகளின் எட்டு மணி நேர ரேஸைத்தான் பெரிதாகச் சொல்வார்கள். 1978லிருந்து நடக்கிறது. முதல் வருஷமே யோஷிமுரா என்கிற சின்ன டீம், சுசுகி பைக்கை வைத்து, ஹோண்டாவின் சொந்த டிராக்கில் ஹோண்டாவின் டீமைத் தோற்கடித்தது. கோடை வெயிலில் காலை பதினொன்றரைக்கு ஓட்டுபவர்கள் டிராக்கின் குறுக்கே ஓடிப்போய் பைக்கில் ஏறிக் கிளம்புவார்கள், இருட்டில் ஹெட்லைட்டோடு ராத்திரி ஏழரைக்கு முடியும். பைக் ரேஸ் சாம்பியன் ரோஸி கூட 2001ல் ஜெயித்திருக்கிறார்.

பிட்லேன்_பாண்டி:

டிக்கெட் வாங்கிப் போனால் நானும்தான் பக்தி பாடுவேன் :) டிவியில் பார்க்கிறவனுக்கு ஞாயிற்றுக்கிழமை தூக்கம்தான், அதை மாற்றிக்கொள்ள மாட்டேன். 2026ல் காரின் அகலமும் எடையும் குறைகிறது, டிஆர்எஸ்ஸும் போகிறது, அதற்குப் பிறகு பேசுவோம். ஆனால் 1988 ஸ்டார்ட் விஷயம், பழைய டயர், அதற்கு என்னிடம் பதில் இல்லை.

கியர்மாத்தி:

சாமி சொன்ன வெர்ஸ்டாப்பன் லாப்பை ஹெட்ஃபோன் போட்டுப் பார்த்தேன். முதல் கார்னரிலிருந்து டன்லப் முடியும்வரை கை சும்மா இருக்கவே இல்லை. ரேஸில் இதையே 53 தடவை, முன்னால் ஒரு கார் வேறு. சரி, எனக்கு இப்போது புரிகிறது, ஆனால் ரேஸ் இன்னும் போர்தான், பாண்டி கட்சியில் ஒரு காலை வைத்துக்கொள்கிறேன்.

நகோயாவாசி, அடுத்த ரேஸுக்கு வருவதாக இருந்தால் எந்த ஸ்டாண்ட், எங்கே தங்குவது?

நகோயாவாசி:

முதல் தடவை என்றால் எஸ் வளைவுப் பக்கம் எடுங்கள். எங்கிருந்து பார்த்தாலும் டிராக்கில் பாதி தெரியாது, இந்த இடத்தில் மட்டும் நாலைந்து கார்னர் சேர்ந்து தெரியும். சுசுகா ஊருக்குள் ரூம் கிடைக்காது, டீம்களே எடுத்துவிடுவார்கள். நகோயாவில் ஸ்டேஷன் பக்கம் தேதி அறிவித்த அன்றே புக் செய்யுங்கள். இன்னொரு விஷயம், ரேஸ் முடிந்ததும் கூட்டத்தோடு பஸ் வரிசையில் போய் நிற்காதீர்கள். இங்கே ஆட்கள் இருட்டும்வரை ஸ்டாண்டிலேயே உட்கார்ந்திருப்பார்கள், டீம்கள் கராஜைப் பிரித்து மூட்டை கட்டுவது எதிரிலேயே நடக்கும். சாப்பிட ஏதாவது வாங்கி வைத்துக்கொண்டால் போதும்.